ப்ரைமர் படத்தில் எந்த இடத்தில் கோட்டை விடுகிறோம்?

இரண்டாம்காட்சி:
ஷேன் கரூத் இயக்கிய டைம் டிராவல் படம் ப்ரைமர் (2004). மொத்தமே 77 நிமிஷம்தான், ஆனால் பாதியில் நூல் அறுந்துவிடுகிறது. நண்பர்கள் ஏப், ஆரோன் இருவரும் கராஜில் பெட்டி மாதிரி ஒரு மெஷின் செய்யும் பகுதி வரை சரி. ஏப், ஆரோனை ஸ்டோரேஜ் கூடத்துக்குக் கூட்டிப்போன பிறகு, யார் முதல் ஆள், யார் திரும்பி வந்த ஆள் என்று பிடிபடவில்லை. குறிப்பெடுத்துப் பார்ப்பதா, ஒரே மூச்சில் பார்ப்பதா? முழு விளக்கம் வேண்டாம், நாமே பிடித்துக்கொள்ள ஒரு வழி போதும்.

மணல்கடிகாரம்:
முக்கால்வாசிப் பேர் வழுக்குவது ஒரே இடத்தில்தான். மற்ற டைம் டிராவல் படங்களில் பொத்தானை அமுக்கினால் அடுத்த நொடி வேறு காலம். இதில் எவ்வளவு நேரம் பின்னால் போக வேண்டுமோ, அவ்வளவு நேரமும் பெட்டிக்குள் அடைந்து கிடக்க வேண்டும்.

ஒரு கணக்கு. காலை 9 மணிக்குப் பெட்டி ஓடத் தொடங்குகிறது. இருவரும் ஹோட்டல் அறையில் யார் கண்ணிலும் படாமல் இருக்கிறார்கள். பிற்பகல் 3 மணிக்கு வந்து உள்ளே நுழைகிறார்கள். உள்ளே 6 மணி நேரம். வெளியே வந்தால் காலை 9. இப்போது ஊரில் இரண்டு ஜோடி. முதல் ஜோடி 3 மணிக்குப் பெட்டிக்குள் போனதும் மறுபடி ஒரே ஜோடி. நாள் முடியும்போது உடம்புக்கு 36 மணி நேரம் கழிந்திருக்கும்: 24, பெட்டிக்குள் 6, இரண்டாம் தடவை வாழ்ந்த 6. பெட்டியை ஓடவிட்ட நேரத்துக்கு முன்னால் போகவே முடியாது. டைமர் வைப்பது, ஓடவிட்டவனும் வந்து இறங்குபவனும் வாசலில் முட்டிக்கொள்ளாமல் இருக்க.

இதைத் தாளில் போடுங்கள். கிடையாகக் கடிகார நேரம், செங்குத்தாக அந்த ஆளின் சொந்த நேரம். வெளியே இருக்கும்போது கோடு வலப்பக்கம் ஏறும். பெட்டிக்குள் அதே சாய்வில் இடப்பக்கம் ஏறும். வெளியே வந்தால் மறுபடி வலப்பக்கம். மலைப்பாதைக் கொண்டை ஊசி வளைவு மாதிரி இருக்கும். 11 மணிக்கு நேராக ஒரு செங்குத்துக்கோடு இழுத்தால் மூன்று இடத்தில் வெட்டும்: ஹோட்டலில் ஒருவன், பெட்டிக்குள் ஒருவன், வெளியே ஒருவன். இது பிடிபட்டால் பாதிப் படம் கைக்குள் வந்துவிடும். ஒரு ஆளுக்கு ஒரு தாள். ஆரோனுக்குப் பெரிய தாளாக எடுங்கள்.

பெஞ்ச்டிக்கெட்:
கணக்கு சரி, ஆனா முதல் தடவையே தாளும் பென்சிலும் வேண்டாங்க. ஆரோன் என்ன செஞ்சான்னு ஏப்புக்கே தெரியாது. படமும் அதை நம்மகிட்ட மறைச்சுத்தான் வெச்சிருக்கு. அந்த நிலையில நிறுத்தி நிறுத்திக் குறிப்பெடுத்தா தப்பான ஆளுக்குத் தப்பான கோடுதான் விழும். முதல்ல நிறுத்தாம 77 நிமிஷம், மறுநாள் தாளோட.

சப்டைட்டில் கட்டாயம், முடிஞ்சா ஹெட்போனும். ஒருத்தர் பேசி முடிக்கிறதுக்குள்ள இன்னொருத்தர் பேசுவாங்க, முக்கியமான தகவல் அந்த இடைவெளியிலதான் நழுவும். ஆரம்பத்துல வர்ற பல்லேடியம், ஆர்கான் பேச்செல்லாம் புரியலைன்னா கவலைப்படாதீங்க. மெஷினுக்குள்ள அவங்க வைக்கிற பொம்மை மேல படியுற பூஞ்சையை மட்டும் விட்றாதீங்க. சில நாள்ல பல வருஷத்துக்கான பூஞ்சை சேர்ந்திருக்கு. அப்படின்னா பொம்மை உள்ளே முன்னும் பின்னும் திரும்பத் திரும்பப் போய்வந்திருக்கு. மெஷின் என்னன்னு அவங்க கண்டுபிடிக்கிறது அதை வெச்சுத்தான்.

நிழல்நேரம்:
ஸ்பாய்லர் உண்டு, இரண்டாம் தடவைக்குப் பிறகு படிக்கவும்.

ஆரோன் காதில் இயர்போன் இருக்கும் காட்சிகளைத் தனியே பாருங்கள். கூடைப்பந்து ஆட்டம் கேட்பதாகச் சொல்கிறான். அவன் கேட்பது ஏற்கெனவே பதிவு செய்த அதே உரையாடல். பின்னணியில் கதை சொல்லும் தொலைபேசிக் குரல் எந்த ஆரோனுடையது என்ற கேள்வியையும் கையில் வைத்துக்கொள்ளுங்கள். காதில் ரத்தம், கையெழுத்துக் கோணல் வரும்போது, அந்த ஆள் பெட்டிக்குள் போய்வந்தவன் என்று குறித்துக்கொள்ளலாம்.

அடுத்தது ஃபெயில்சேஃப். ஏப் ரகசியமாக முன்பிருந்தே ஒரு பெட்டியை ஓடவிட்டிருக்கிறான், எல்லாம் கெட்டால் தொடக்கத்துக்கே போக. ஆரோன் அதை முந்திக்கொண்டு கண்டுபிடிக்கிறான். மடித்த இன்னொரு பெட்டியையும் அதற்குள் எடுத்துப் போகிறான். தாளில் புதுக் கோடு அங்கிருந்து தொடங்கட்டும்.

ஏப்பின் காதலி ரேச்சலின் அப்பா க்ரேஞ்சர் எப்படிப் பெட்டிக்குள் போனார் என்பதற்குப் படத்தில் பதில் இல்லை. இணையத்தில் சுற்றும் சில வரைபடங்கள் அந்த ஓட்டையை ஊகத்தால் அடைத்திருக்கின்றன. அந்தக் கட்டத்தைக் காலியாகவே விடுங்கள்.

இரண்டாம்காட்சி:
ஒரே சந்தேகம். 3 மணிக்கு முதல் ஆளைப் பெட்டிக்குள் போகவிடாமல் தடுத்தால், திரும்பி வந்தவன் மறைந்துவிடுவானா?

மணல்கடிகாரம்:
மறைய மாட்டான். இந்தப் படத்தின் விதி அது. இருவருமே அப்படியே மிஞ்சுவார்கள். உங்கள் தாளில் முதல் கோடு 3 மணியில் வளையாமல் நேராக வலப்பக்கம் போய்க்கொண்டே இருக்கும், இரண்டாம் கோடும் கூடவே போகும். கடைசியில் ஒன்றுக்கு மேற்பட்ட ஆரோன் இருப்பது அதனால்தான்.