பிஎம்5544 வட்டம் முட்டை மாதிரி தெரிகிறது: கோளாறு டிவியிலா, சிக்னலிலா?

படக்குழல்21:
வணக்கம். 21 அங்குல சிஆர்டி (பழைய படக்குழல்) டிவி ஒன்றைச் சரிசெய்கிறேன். நெட்டில் எடுத்த பிஎம்5544 டெஸ்ட் கார்டை (டிவியைச் சரிபார்க்க உதவும், நடுவில் வட்டம் உள்ள படம்; 768×576 பிஎன்ஜி) ராஸ்பெரி பை என்ற சிறு கணினியின் கம்போசிட் (ஒரே வயரில் வரும் வீடியோ) வழியாகக் கொடுத்தால் வட்டத்தின் உயரம் 26 செ.மீ., அகலம் 28.4 செ.மீ. இடது, வலது ஓரத்துக் கறுப்பு வெள்ளைக் கட்டங்களைக் காணோம். வட்டத்துக்குள் இருக்கும் மெல்லிய கோட்டுப் பட்டையில் வலப்பக்கம் வானவில் நிறம் ஓடுகிறது, கடைசிக் கட்டம் வெறும் சாம்பல். நீலக் கண்ணாடித் தாள் வழியாகப் பார்த்து ஹியூ (நிறச்சாயல்) வை என்கிறார்கள், இதில் ஹியூ வேலையே செய்யவில்லை. சர்வீஸ் மெனுவில் (மெக்கானிக்குகளுக்கான மெனு) விட்த்தைக் (பட அகலம்) குறைக்கலாமா?

லைன்_அவுட்புட்:
விட்த்தைத் தொடாதீர்கள். பிஎம்5544 முதலில் ஒரு படமே அல்ல. டென்மார்க்கின் ஃபின் ஹெண்டில் பிலிப்ஸுக்காக வடிவமைத்த சிக்னல் ஜெனரேட்டர் கருவி அது. சிக்னலை வரி வரியாக அதுவே உருவாக்கும். பிபிசியின் 1967 டெஸ்ட் கார்டு எஃப் புகைப்பட ஸ்லைடாக வந்தது, இது அப்படியில்லை. உங்களிடம் இருப்பது அந்த சிக்னலைப் பார்த்து வரைந்த நகல்.

நகல் 768 பிக்சல், வெளியீடு 720. பிளேயர் படத்தைச் சுருக்காமல் பக்கத்துக்கு 24 பிக்சல் வெட்டியிருக்கிறது. ஓரக் கட்டங்கள் காணாமல் போனது அதனால்தான். 720×576க்குச் சுருக்கிக் கொடுங்கள். வெளியீடு பி.ஏ.எல். (கலர் டிவி முறை), விகிதம் 4:3, ஓவர்ஸ்கேன் (ஓரத்தில் இடம்விடும் அமைப்பு) ஆஃப் என்று இருக்கட்டும்.

625வரி:
720 போதாது. 625 வரி முறையில் ஒரு வரியில் படம் வரும் நேரம் 52 மைக்ரோ செகண்ட். டிஜிட்டல் வீடியோ பிக்சல் எடுக்கும் வேகமான 13.5 மெகாஹெர்ட்ஸால் பெருக்கினால் 702 பிக்சல். ஆகவே 702×576க்குச் சுருக்கி, இரு பக்கமும் 9 பிக்சல் கறுப்பு சேர்த்து 720 ஆக்குங்கள். 768ஐ 702ஆல் வகுத்தால் 1.094, உங்கள் 28.4ஐ 26ஆல் வகுத்தால் 1.092. டிவியின் விட்த் சரியாகவே இருக்கிறது! இந்தப் படத்தை நம்பி மெனுவில் குறைத்திருந்தால் அப்புறம் எந்தச் சேனலைப் போட்டாலும் ஆள் ஒல்லியாகத் தெரிவார்.

வானவில்லும் கோளாறு இல்லை. அந்தப் பட்டையில் இடமிருந்து வலமாக 0.8, 1.8, 2.8, 3.8, 4.8 மெகாஹெர்ட்ஸ் கோடுகள். பி.ஏ.எல். நிறம் ஏறி வருவது 4.43ல். அதற்கு அக்கம்பக்கத்து நுண்கோடுகளை டிகோடர் (நிறத்தைப் பிரித்தெடுக்கும் பகுதி) நிறம் என்று எடுத்துக்கொள்கிறது. லூமா (வெளிச்ச சிக்னல்) பக்கத்து டிராப் ஃபில்டர் அதே இடத்தை வெட்டிவிடுவதால் 4.8 சாம்பலாகிறது. ஆர்ஜிபி (சிவப்பு, பச்சை, நீலம் தனித்தனியாகப் போகும்) உள்ளீடு இருந்தால் அதில் கொடுத்துப் பாருங்கள், இரண்டும் போய்விடும். 2.8 கூட மங்கினால்தான் கவலை. அப்போது எஃப்பிடியில் (உயர் வோல்ட் டிரான்ஸ்பார்மர்) ஃபோகஸ் திருகைப் பாருங்கள் (அந்தப் பக்கம் கை போனால் 20 கிலோவோல்ட்டுக்கு மேல் இருக்கிறது என்பது நினைவிருக்கட்டும்).

ஹியூ என்டிஎஸ்சிக்காரர்கள் (அமெரிக்கக் கலர் முறை) கவலை. பி.ஏ.எல்.லில் வரிக்கு வரி நிற சிக்னலின் ஃபேஸ் திரும்புவதால் பிழை தானே கழிந்து, நிறம் கொஞ்சம் வெளுக்கும், அவ்வளவுதான். ஆனால் நீலத் தாளை எறிய வேண்டாம், கலர் அளவு வைக்க உதவும்: சயான், மஜந்தா, நீலப் பட்டைகள் மூன்றும் ஒரே வெளிச்சத்தில் தெரிய வேண்டும். நிறக் கட்டங்களில் ஜன்னல் பிளைண்ட் போலக் கிடைக்கோடுகள் தெரிந்தால் அது ஹானோவர் பார். டிலே லைன் (ஒரு வரியின் நிறத்தைத் தாமதிக்கும்) பகுதியைப் பார்க்க வேண்டும்.

படக்குழல்21:
702 போட்டதும் அகலம் 26க்கு வந்துவிட்டது, ஓரக் கட்டங்களும் தெரிகின்றன. இப்போது பார்த்தால் நடுக்கோட்டுக்கு மேலே 13.4, கீழே 12.6 செ.மீ. வி-லின் (மேல்கீழ் சீர்மைத் திருகு) திருகலாமா?

லைன்_அவுட்புட்:
702 சரிதான், என் 720 அவசரக் கணக்கு.

வி-லின் கடைசி. செட் குளிர்ந்திருக்கும்போது போட்டவுடன் ஒருமுறை, 20 நிமிடம் கழித்து ஒருமுறை அளந்து பாருங்கள். சூடானதும் கீழ்ப்பாதி நீண்டால் வெர்டிகல் ஐசி (படத்தை மேல்கீழாக விரிக்கும் சிப்) பக்கத்து எலக்ட்ரோலிட்டிக் கப்பாசிட்டர் காய்ந்திருக்கிறது. யோக்குக்கு (படக்குழல் கழுத்துச் சுருள்) சீரியஸில் வரும் பெரியதை (பெரும்பாலும் 1000 அல்லது 2200 மைக்ரோஃபாரட்) முதலில் மாற்றுங்கள். அதே மதிப்பு, வோல்ட் குறையக் கூடாது, 105 டிகிரி ரகம். படத்தின் மேலே மடிப்பும் வெள்ளை ரீட்ரேஸ் (கதிர் மேலே திரும்பும்) கோடும் வந்தால் மட்டும் 100 மைக்ரோஃபாரட் பம்ப்-அப் (ரீட்ரேஸுக்கு வோல்ட் கூட்டும்) கப்பாசிட்டரைப் பாருங்கள். காய்ந்ததை வைத்துக்கொண்டு வி-லின் திருகினால் இன்று வட்டம் சரியாகும், மாதம் போனால் மறுபடி நசுங்கும். மாற்றிய பிறகும் வித்தியாசம் அசையாமல் நின்றால் தாராளமாகத் திருகுங்கள். உயரமும் கூடவே நகரும், அதையும் சேர்த்துச் சரிசெய்ய வேண்டியிருக்கும்.