ஜிம்மி ஆர்ம்ஃபீல்டைக் கேட்டவர்கள், பார்த்தவர்கள் எழுதுங்கள்

ஈஸ்ட் ஹாம், லண்டன்

பிபிசி ரேடியோவில் உதைபந்தாட்டத்தைப் பற்றிப் பேசிய ஜிம்மி ஆர்ம்ஃபீல்டைப் பற்றித் தமிழில் யாரும் எழுதி நான் வாசித்ததில்லை. அதனால் நானே தொடங்குகிறேன். அவர் 2018 ஜனவரி 22-ல், 82 வயதில் போய்விட்டார். இன்னும் சனிக்கிழமை மூன்று மணியானால் எனக்கு அந்தக் குரல் வேண்டும் போல இருக்கும்.

இங்கிலாந்தில் சனிக்கிழமை 2.45-லிருந்து 5.15 வரை ஆட்டங்களைத் தொலைக்காட்சியில் நேரடியாகக் காட்டக் கூடாது என்று பழைய கட்டுப்பாடு ஒன்று இருக்கிறது, மைதானத்துக்கு ஆள் வராமல் போய்விடக் கூடாது என்பதற்காக. வேலையில் நிற்கிறவனுக்கு அந்த நேரத்தில் ரேடியோதான் கதி. நான் வந்த புதிதில் பெற்றோல் ஸ்டேஷனில் நின்றேன், எங்கள் ஆட்கள் நிறையப் பேரைப் போல. கல்லாவுக்குப் பின்னால் ஒரு சின்ன ரேடியோ, மத்திய அலை 909, பிபிசி ரேடியோ 5 லைவ். வர்ணனையாளர்கள் அலன் கிரீனோ மைக் இங்காமோ பந்தைத் துரத்திக்கொண்டே மூச்சுவிடாமல் சொல்லிக்கொண்டு போவார்கள், பந்து வெளியே போனதும் ஆர்ம்ஃபீல்ட் வருவார். அவசரம் இல்லாத வட இங்கிலாந்துக் குரல். இரண்டு வசனம், கூடினால் மூன்று. கோல் அடித்தவனைப் புகழ்கிறதை மற்றவர்களுக்கு விட்டுவிட்டு, எந்தப் பின்காப்பாளர் இரண்டு அடி உள்ளே தள்ளி நின்றதால் அந்த இடைவெளி வந்தது என்று சொல்வார். நான் யாழ்ப்பாணத்தில் உதைபந்தாட்டம் பார்த்தே வளர்ந்தவன். ஆனால் பந்து இல்லாத இடத்தில் என்ன நடக்கிறது என்று பார்க்கப் பழக்கியது இவர்தான், அதுவும் நான் கண்ணால் பார்க்காத ஆட்டங்களை வைத்து.

ஒரு நாள் பெற்றோல் போட வந்த வயதான வெள்ளைக்காரர் ஒருவர் ரேடியோவைக் கேட்டுவிட்டு, காசு கொடுத்த பிறகும் நின்றார். இது யார் தெரியுமா என்றார். தெரியாது, ரேடியோக்காரர் என்றேன். அப்போதுதான் அவர் சொன்னார்: இங்கிலாந்துக்கு 43 ஆட்டம், அதில் 15-ல் தலைவர், 1962 சிலி உலகக் கிண்ணத்தில் உலகத்திலேயே சிறந்த வலது பின்காப்பாளர் என்று பேசப்பட்டவர். எனக்கு நம்பவே முடியவில்லை. அத்தனை வருடம் கேட்டும் தான் யார் என்று அவர் ஒரு தடவையாவது தம்பட்டம் அடித்து நான் கேட்டதில்லை.

*

பிளாக்பூல்

அண்ணா, நீங்கள் எழுதியதைப் படித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. நான் நாகர்கோவில் பக்கம், இங்கே நர்சாக வந்தேன். எனக்கு ஃபுட்பால் ஒன்றும் தெரியாது, அவரை எனக்குத் தெரிந்ததே வேறு வழியில்.

ஊரில் சர்ச் கொயரில் பாடி வளர்ந்தவள் நான், இங்கே வந்ததும் முதலில் தேடியது ஒரு ஆலயத்தைத்தான். அப்படித்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை செயின்ட் பீட்டர்ஸ் சர்ச்சுக்குப் போனேன். ஆர்கன் வாசித்தவர் வெள்ளை முடி, நல்ல உயரம். பாட்டை இழுக்காமல், சபையாரின் குரலை மூடிவிடாமல் வாசித்தார், அது எல்லா ஆர்கனிஸ்டுக்கும் வருவதில்லை என்று கொயரில் நின்ற யாருக்கும் தெரியும். ஆராதனை முடிந்து பக்கத்து இருக்கைப் பெண்மணியிடம் யார் என்று விசாரித்தேன். அவர் என்னை ஆச்சரியமாகப் பார்த்துவிட்டு, ஜிம்மி என்று மட்டும் சொன்னார். இந்த ஊரில் அந்தப் பெயருக்குப் பின்னால் வேறெதுவும் சொல்லத் தேவையில்லை என்று அப்புறம்தான் புரிந்தது.

அவர் பிறந்தது மான்செஸ்டர் பக்கம் டென்டனில், யுத்த காலத்தில் சின்னப் பிள்ளையாக இங்கே வந்தவர். 1954 முதல் 1971 வரை பிளாக்பூல் என்ற ஒரே கிளப், 627 ஆட்டம். கிளப்பின் புளூம்ஃபீல்ட் ரோடு மைதானத்தின் தெற்கு ஸ்டாண்டுக்கு 2010-ல் அவர் பெயர் வைத்தார்கள், 2011-ல் வெளியே சிலையும் வைத்தார்கள். உயிரோடிருக்கும்போதே சிலை கண்டவர், அதே ஊரில் சாதாரணமாக நடமாடினார். என் வார்டில் இருந்த தாத்தாக்கள் பலருக்கு ஜிம்மி பேச்சை எடுத்தால் வலிகூட மறந்துவிடும், நான் அதை எவ்வளவோ தடவை பயன்படுத்தியிருக்கிறேன்!

*

சென்னை, முன்பு லீட்ஸ்

அமைதியானவர், மென்மையானவர் என்றே எல்லாரும் எழுதுவோம் போலிருக்கிறது. நான் லீட்ஸில் படித்தபோது தங்கியிருந்த வீட்டின் உரிமையாளர் பழைய லீட்ஸ் யுனைடெட் ரசிகர். அவரிடம் கேட்ட ஆர்ம்ஃபீல்ட் வேறு மனிதர்.

1974-ல் லீட்ஸ் மேலாளர் பிரையன் கிளஃப் 44 நாளில் வெளியேற்றப்பட்ட பிறகு அந்த அணியைக் கையில் எடுத்தவர் இவர். நொந்துபோய் இருந்த வீரர்கள், சண்டையும் சச்சரவுமான டிரெஸ்ஸிங் ரூம். அந்த அணியைத்தான் அதே சீசனில், 1975 மே 28-ல், பாரிஸில் கிளப்களுக்கான ஐரோப்பியக் கோப்பை இறுதி ஆட்டம் வரைக்கும் கொண்டுபோனார். எதிரில் ஜெர்மனியின் பயர்ன் மியூனிக். லீட்ஸின் பீட்டர் லோரிமர் பந்து தரையில் படுமுன் அடித்த கோலை, சக வீரர் பிரெம்னர் ஆஃப்சைடில், அதாவது விதிப்படி நிற்கக் கூடாத இடத்தில் நின்றார் என்று ரத்து செய்தார்கள், அப்புறம் பயர்னின் ரோட்டும் கெர்ட் முல்லரும் அடித்து 2-0. என் வீட்டு உரிமையாளர் அந்தக் கோலைப் பற்றிப் பேசும்போது முப்பது வருஷத்துக்கு மேல் ஆகியும் மேஜையைத் தட்டுவார். ரசிகர்கள் அன்று இருக்கைகளைப் பிய்த்து எறிந்தார்கள், லீட்ஸை ஐரோப்பியப் போட்டிகளில் நான்கு வருஷம் ஆடக் கூடாது என்று தடை போட்டுவிட்டார்கள். இவர் நேரில் போய் வாதாடி அதை இரண்டாகக் குறைத்தார். மென்மையான மனிதர் செய்கிற வேலையா அது? ரேடியோவில் குரலை உயர்த்தாததை வைத்து முதுகெலும்பு இல்லாதவர் என்று யாராவது நினைத்தால் தப்பு.

என் வீட்டு உரிமையாளர் இன்னொன்றும் சொல்வார், இதை நானும் ஒத்துக்கொள்கிறேன். அந்தக் கோல் பற்றி எரிச்சலோடு பேச உலகத்திலேயே அதிக உரிமை இருந்தவர் ஆர்ம்ஃபீல்ட். மைக் அவர் கையில் முப்பது வருஷத்துக்கு மேல் இருந்தது. அதை அவர் கணக்குத் தீர்க்கப் பயன்படுத்தவில்லை.

*

பிரெஸ்டன்

1966 பற்றி ஒருவரும் எழுதவில்லையே. அந்த வருடம் உலகக் கிண்ணத்தை வென்ற இங்கிலாந்து அணியில் இவரும் இருந்தார், ஆனால் காயம், ஜார்ஜ் கோஹன் வலது பின்காப்பில் நின்றுவிட்டார். இவருக்கு ஒரு ஆட்டமும் இல்லை. அப்போது இறுதி ஆட்டத்தில் களத்தில் நின்ற 11 பேருக்குத்தான் பதக்கம். மற்றவர்களுக்கு 2009-ல்தான் கிடைத்தது, பிரதமர் கார்டன் பிரவுன் டவுனிங் வீதியில் வைத்துக் கொடுத்தார். 43 வருடம்! நான் அன்றைக்குச் செய்தியில் பார்த்தபோது எனக்குத்தான் கோபம் வந்தது, அவர் முகத்தில் சந்தோஷம் மட்டும்தான் இருந்தது.

*

ஈஸ்ட் ஹாம், லண்டன்

தங்கச்சி, அந்த ஆர்கன் கதைக்கு நன்றி. அதை வாசித்த பிறகு எனக்கு ஒன்று விளங்குகிறது: சபையாரின் குரலை மூடாமல் வாசித்தவர்தானே, வர்ணனையாளரையும் மூடாமல் கதைத்திருக்கிறார்.

லீட்ஸ் தம்பி சொன்னது சரிதான், அவர் வர்ணனையிலும் பிழையைப் பிழை என்றுதான் சொல்வார். ஒரு வீரன் விட்ட பிழையைச் சொல்லும்போது, அதே இடத்தில் தானும் நின்றவன் என்ற நினைப்போடு சொல்வார், அவ்வளவுதான். 2007-ல் புற்றுநோய் வந்து சிகிச்சை எடுத்த பிறகும் மைக்குக்குத் திரும்பி வந்தாரே, அந்தக் குரல் மறுபடி வந்த நாள் நான் காரை ஓரமாக நிறுத்திவிட்டுக் கேட்டேன்.

போல்டன் பக்கம் யாராவது இருக்கிறீர்களா? அவர் முதலில் மேலாளராக இருந்தது அங்கேதான், 1973-ல் மூன்றாம் டிவிஷனில் முதலிடம் வாங்கிக் கொடுத்தார். அந்தக் காலத்தைப் பற்றி அக்கம்பக்கத்துப் பழைய ஆட்களிடம் கேட்டாவது எழுதுங்கள்.