முழுப் பூ அடங்கும் அளவுக்கு ஆழமான சிலிகான் மோல்டு எப்படித் தேடுவது?

ரெசின்புதுசு:
காயவைத்த பூவை முழுசாக ரெசினுக்குள் (ஊற்றினால் கண்ணாடி மாதிரி இறுகும் திரவம்) நிறுத்தி கட்டியாகவோ உருண்டையாகவோ வார்க்க ஆசை. தேடினால் கீசெயின், கோஸ்டர், எழுத்து மோல்டுகள்தான் கொட்டிக் கிடக்கின்றன, பாதிக்கு மேல் ஒரு சென்டிமீட்டர் ஆழம்கூட இல்லை. படத்தில் பெரிசாகத் தெரிந்த ஒன்றை வாங்கினால் தீப்பெட்டி அளவில் வந்து நிற்கிறது. அதில் வார்த்த துண்டும் கண்ணாடி மாதிரி இல்லாமல் மங்கலாக இருக்கிறது. ரெசின் சரியில்லையா, மோல்டே அப்படியா? என்ன பெயரில் தேடணும், வாங்கும் முன் எதைப் பார்க்கணும்? இரண்டு திரவத்தைக் கலந்தால் இறுகும் எபாக்ஸி, புற ஊதா வெளிச்சத்தில் இறுகும் யூவி, இரண்டு ரெசினும் கையில் இருக்கிறது.

அச்சுப்பிச்சு:
ரெசினைத் திட்டாதீர்கள், மோல்டின் உள்பக்கம்தான் காரணம். உள்ளே பளபளப்பாக இருந்தால் துண்டும் பளபளக்கும், சொரசொரப்பாக இருந்தால் என்ன உயர்ந்த ரெசின் ஊற்றினாலும் மங்கல்தான். விற்பவர் போடும் படத்தை நம்ப வேண்டாம், வாங்கியவர்கள் போட்ட படங்களில் குழியின் அடியில் விளக்கு வெளிச்சம் பளிச்சென்று தெரிகிறதா என்று பாருங்கள். அளவு மில்லிமீட்டரில் போட்டிருக்கணும், அதுவும் உள் அளவு. வெளி அளவை மட்டும் போட்டுவிட்டுச் சும்மா இருப்பவர்கள் நிறைய.

தேடும்போது ரெசின் மோல்டு என்று மட்டும் போட்டால் சின்னதுதான் வரும். பேப்பர்வெயிட், டீப் க்யூப், ஸ்ஃபியர் என்று போட்டுப் பாருங்கள். சோப்பு, மெழுகுவர்த்தி மோல்டுகளிலும் ஆழமானவை உண்டு, ஆனால் பல மேட்டாக, அதாவது உள்ளே பளபளப்பில்லாமல் இருக்கும். கேக், ஐஸ் மோல்டும் ஆகும், ஒருமுறை ரெசின் ஊற்றிவிட்டால் அதை மறுபடி அடுப்படிப் பக்கம் கொண்டு போகவே கூடாது.

நிதானம்:
மேலே சொன்னது சரி. ஆனால் ஆழம் என்றதும் யூவியை மறந்துவிடுங்கள். வெளிச்சம் போகிற அளவுக்குத்தான் அது இறுகும், ஒளிபுகும் மோல்டாக இருந்தாலும் மெல்லிய அடுக்குகளாகத்தான் ஊற்ற முடியும், பூவுக்குப் பின்னால் நிழல் விழுந்த இடம் பிசுபிசுவென்றே கிடக்கும். சாதாரண எபாக்ஸியையும் மொத்தமாக ஊற்றினால் சூடேறி மஞ்சளடிக்கும், சில நேரம் விரிசலும் விடும். அந்தச் சூடு மோல்டின் ஆயுளையும் சேர்த்துத் தின்னும். டீப் போர் என்று விற்கும் மெதுவாக இறுகும் எபாக்ஸியை வாங்குங்கள், இல்லையென்றால் ஒரு ஊற்றுக்கு எவ்வளவு தடிமன் என்று டப்பாவில் இருப்பதைப் பார்த்து அடுக்கடுக்காகப் போங்கள்.

இன்னொன்று, சுவர் மெல்லிசாக இருக்கும் கட்டி மோல்டு நிரம்பியதும் வயிறு தள்ளும், துண்டும் அதே மாதிரி வரும். நாலு பக்கமும் அட்டையோ பலகையோ முட்டுக் கொடுங்கள், இறுக்கிக் கட்டாதீர்கள். எவ்வளவு ரெசின் பிடிக்கும் என்று தெரிய மோல்டில் தண்ணீர் ஊற்றி அளந்துகொள்ளலாம், அப்புறம் ஈரம் துளிகூட இல்லாமல் காயவிடணும். பூவிலும் ஈரம் இருக்கக் கூடாது, இருந்தால் பழுப்பாகிவிடும்.

ரெசின்புதுசு:
கட்டியும் உருண்டையும் கிடைத்துவிடும் போல, நன்றி. உயரமான அறுகோணம்தான் எங்கேயும் சிக்கவில்லை. நானே செய்துகொள்ளலாமா?

கலவைக்காரன்:
தாராளமாக. பளபளப்பான அக்ரிலிக் தகட்டை வெட்டி ஒட்டி அறுகோணப் பெட்டி ஒன்று செய்யுங்கள், இதுதான் மூலம், இதைச் சுற்றிச் சிலிகான் ஊற்றி எடுப்பதுதான் மோல்டு. இதைவிடச் சுற்றிலும் மேலேயும் ஒரு சென்டிமீட்டர் அதிகமுள்ள வெளிப்பெட்டியின் தரையில் மூலத்தை நன்றாக ஒட்டுங்கள். ஒட்டாவிட்டால் உள்ளே காற்று இருப்பதால் சிலிகானில் மிதந்து மேலே வந்துவிடும். மூலை முடுக்கெல்லாம் அடைத்துவிட்டு, கலந்த சிலிகானை ஒரு ஓரத்தில் நூல் மாதிரி ஊற்றுங்கள், அதுவாகப் பரவட்டும், குமிழ் குறையும். சிலிகான் எவ்வளவு கெட்டி என்று சொல்லும் ஷோர் ஏ அளவு 20 முதல் 30 வரை இருந்தால் துண்டை எடுக்கவும் வளையும், வடிவமும் நிற்கும். சிலிகானை இறுக வைக்கும் பொருளைப் பொறுத்து பிளாட்டினம், டின் என்று இரண்டு வகை உண்டு, பிளாட்டினம் வகையையே வாங்குங்கள், டின் வகை நாளாக ஆகச் சுருங்கும்.

அச்சுப்பிச்சு:
முதல்முறை செய்பவருக்கு டின் போதும் என்பேன். பிளாட்டினத்துக்குக் கந்தகம் ஆகாது, கந்தகம் கலந்த களிமண்ணோ லேடெக்ஸ் கையுறையோ பட்ட இடம் இறுகாமல் கொழகொழவென்று நின்றுவிடும்.

கலவைக்காரன்:
அவர் மூலம் அக்ரிலிக்தானே, களிமண் எங்கே வந்தது? ஓரம் அடைக்க எடுக்கும் களிமண் கந்தகம் இல்லாததா என்று பார்த்துவிட்டு, நைட்ரைல் கையுறை போட்டால் தீர்ந்தது. 3டி பிரிண்டரில் ரெசினால் எடுத்த மூலம் என்றால் நீங்கள் சொல்வதை ஒத்துக்கொள்கிறேன், அதன்மேல் பிளாட்டினம் அடிக்கடி மக்கர் பண்ணும். எதுவானாலும் மூலத்தின் ஒரு ஓரத்தில் கலந்த சிலிகானைக் கொஞ்சம் தடவி இறுகுகிறதா என்று பார்த்துவிட்டு மொத்தமாகக் கலக்குங்கள்.