புதுப்பிப்பு: கேயாஸ் பேடை மிக்ஸரில் எங்கே செருகுவது?

கோர்க் கேயாஸ் பேட், கேபி3: விரலால் தொட்டு இழுத்து ஒலிக்கு எஃபெக்ட் போடும் கருவி. இதை மிக்ஸரின் மாஸ்டர் அவுட்டில் (எல்லா ஒலியும் சேர்ந்து வெளியேறும் இடம்) மாட்டலாமா, ஆக்ஸ் செண்டிலா (வேண்டிய ஒலிகளை மட்டும் தனியே அனுப்பும் வழி) என்று முன்பு கேட்டிருந்தேன். இரண்டையும் மேடையில் பார்த்தாச்சு. என் ஓட்டு ஆக்ஸ் செண்டுக்குத்தான்.

காரணம் கிக், அதாவது தாளத்தைத் தாங்கும் பேஸ் டிரம் அடி. மாஸ்டரில் இருந்தால் ஃபில்டரில் (ஒலியின் ஒரு பகுதியை வெட்டும் எஃபெக்ட்) விரலை இழுக்கும்போது கிக்கும் சேர்ந்து காணாமல் போகிறது, கூட்டத்தின் ஆட்டமும் தடுமாறுகிறது. செண்டில் சிந்தசைசர் (சிந்த்) ஒலியையும் குரலையும் மட்டும் பேடுக்கு அனுப்பினால் தாளம் அப்படியே நிற்கும். ரேடியோஹெட் ராக் குழுவின் கச்சேரிகளில் கிடாரிஸ்ட் ஜானி க்ரீன்வுட் இந்தப் பேட் வகையால் பாடகர் தாம் யார்க்கின் குரலைப் பிடித்து நறுக்கிப் போடுவாரே, அதுவும் குரலை மட்டும்தான்.

ஆனால் பேடிலிருந்து எஃபெக்ட் ஒலி மட்டுமே வரவேண்டும். மூல ஒலியும் வந்தால் இரண்டும் சேர்ந்து சத்தம் கூடிவிடும். டிலே (எதிரொலி), ரிவெர்ப் (அறை முழக்கம்) எல்லாம் செண்டில் அருமை. ஃபில்டருக்கு இது சரிவராது, ஏனென்றால் மூல ஒலி பக்கத்திலேயே ஓடிக்கொண்டிருக்கும். அதற்கு சிந்த் சேனலின் இன்செர்ட்தான் (அந்த ஒலி முழுவதும் பேட் வழியாகவே போய்வரும் இணைப்பு) வழி.

இன்னொன்று: கிக் உள்ளே போகாததால் ஆட்டோ பிபிஎம் (தாளத்தின் வேகத்தைப் பேடே கண்டுபிடிக்கும் வசதி) திணறுகிறது. டிரம் மெஷினிலிருந்து ஒரு மிடி கேபிள் (இசைக்கருவிகள் தகவல் பரிமாறும் கேபிள்) போட்டு க்ளாக் (வேகத்தைச் சொல்லும் சிக்னல்) கொடுத்ததும் டிலே தாளத்தோடு ஒட்டிக்கொண்டது.

'விரலை எடுத்தால் எஃபெக்ட் நின்றுவிடுகிறதே' என்று கேட்டவருக்கு: ஹோல்ட் பட்டன். கடைசியாகத் தொட்ட இடத்திலேயே நிற்கும், கை கீபோர்டுக்குப் போகலாம். மறக்காமல் அணைக்கவும்!