தீனி தின்னும் பறவையை ஏன் அழிக்கிறார்கள்? பறவைக் காய்ச்சல் காலத்து அனுபவங்கள்

கால்நடை மருத்துவர், இடுக்கி

2021 சனவரியில் கேரளத்தின் தாழ்நில நெல்வயல் பகுதியான குட்டநாட்டுக்கு அனுப்பப்பட்ட பறவை அழிப்புக் குழு ஒன்றில் நானும் இருந்தேன். போபாலிலுள்ள ஆய்வுக்கூடம் எச்5என்8 என்னும் பறவைக் காய்ச்சல் வைரஸ் என்று உறுதிசெய்த பிறகே நாங்கள் வயலில் இறங்கினோம். வரப்போரம் சில வாத்துகள் கழுத்து திருகி, கண்ணில் வெண்படலம் படர்ந்து கிடந்தன. வலைக்குள் நின்ற மற்றவையோ எங்களைக் கண்டதும் வழக்கம்போல இரைச்சலிட்டு ஓடின. "இவை தீனி தின்கின்றனவே டாக்டர், இவற்றையும் ஏன்?" என்று வளர்த்தவர் கேட்டார்.

அன்று பாதுகாப்பு உடைக்குள் வியர்த்துக்கொண்டே அவரிடம் சொன்னதை இங்கே நிதானமாக எழுதுகிறேன். கோழி இந்த நோயில் விரைவாகச் செத்துவிடும். வாத்து பல வேளைகளில் நோய்க்குறி எதுவும் காட்டாமலேயே எச்சத்தின் வழியாக வைரஸை வெளியேற்றிக்கொண்டிருக்கும். குட்டநாட்டில் ஒரு வயலின் நீர் அடுத்த வயலுக்குப் போகிறது. எனவே நலமாகத் தெரியும் வாத்தை விட்டுவைப்பது நோயை அடுத்த கரைக்கு அனுப்புவதற்குச் சமம். பறவைக்குப் பறவை பெருகும்போது வைரஸ் மாறிக்கொண்டே இருக்கும், அப்படி மாறினால் மனிதரையும் தொற்றக்கூடும் என்பதும் ஒரு காரணம். 1997இல் ஹாங்காங்கில் இவ்வைரஸின் இன்னொரு வகையான எச்5என்1, 18 பேரைத் தொற்றி 6 பேரைக் கொன்றது. ஆண்டிறுதியில் அந்நகரின் கோழிகள் அனைத்தும் அழிக்கப்பட்ட பின்னரே அத்தொற்று நின்றது. நம் நாட்டு விதிப்படி நோய் கண்ட இடத்திலிருந்து 1 கிலோமீட்டருக்குள் அழிப்பு, 10 கிலோமீட்டர் வரை கண்காணிப்பு.

குட்டநாட்டில் குழி தோண்டினால் நீர் ஊறிவிடும் என்பதால் விறகு அடுக்கி எரித்தோம். இரண்டு மாதத்துக்கு மேற்பட்ட வாத்துக்கு 200 ரூபாய், அதற்கு இளையதற்கு 100, முட்டைக்கு 5 என்று கேரள அரசு இழப்பீடு அறிவித்திருந்தது. இத்தொகை அழிக்கப்பட்டவற்றுக்குத்தான், முன்னரே செத்தவற்றுக்கு இல்லை. கடன் வாங்கிக் குஞ்சு இறக்கியிருந்த அந்த வாத்து வளர்ப்பவர், செய்தி வெளியே போனால் யாரும் வாங்கமாட்டார்கள் என்று அஞ்சிப் பத்து நாள் மறைத்துவிட்டார். அந்தப் பத்து நாளில் செத்தவை கணக்கிலேயே வரவில்லை. தொகை குறைவு என்பதே என் கருத்தும். ஆனால் தாமதம் அந்தக் குறைந்த தொகையையும் தின்றுவிட்டது.

முட்டைக்கோழிப் பண்ணையாளர், நாமக்கல்

எங்கள் முட்டையில் பெரும்பங்கு கேரளத்துக்குப் போவதால், அங்கே நோய் என்றால் இங்கே தூக்கம் போய்விடும். நான் லாரியைவிட அதில் திரும்பி வரும் பழைய முட்டை அட்டைகளுக்கே அதிகம் அஞ்சுகிறேன். எச்சம் காய்ந்து ஒட்டிய ஓர் அட்டையை ஒரு முறை கையில் எடுத்துப் பார்த்தேன். அன்றோடு பழைய அட்டையை வாசலிலேயே நிறுத்திவிட்டேன். டயருக்கு மருந்து தெளிப்பு, ஷெட் வாசலில் கால் நனைக்கும் தொட்டி, ஷெட்டுக்குள் மட்டும் போடும் செருப்பு ஆகியவை எல்லாப் பண்ணையிலும் இருக்கின்றன. தொட்டி நீரை நாள்தோறும் மாற்றுகிறார்களா என்பதுதான் கேள்வி. அழுக்கேறிய மருந்து நீரால் பயனில்லை. கோழிகளுக்கான குடிநீர்த் தொட்டிக்கு மூடி போட்டதும், நோயைக் கொண்டுவரக்கூடிய கொக்கு வருவது நின்றது.

எனக்குக் கடினமாக இருந்தது வேறொன்று. எங்களிடம் பன்னிரண்டு ஆண்டுகளாக வேலை செய்யும் அக்கா வீட்டில் நாட்டுக்கோழி வளர்த்தார். வீட்டுக்கோழியின் நோய் அவர் வழியாகப் பண்ணைக்குள் வரலாம் என்பதால், வளர்ப்பதை விட்டுவிடுங்கள் என்றபோது, "உங்க கோழிக்காக என் கோழியை விக்கணுமா தம்பி?" என்றார். அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. கோழிகளை நானே விலை கொடுத்து வாங்கி, மாதம் இரண்டு அட்டை முட்டை தருவதாகப் பேசி முடித்தேன்.

நாட்டுக்கோழி வளர்ப்பவர், திண்டுக்கல் மாவட்டம்

எங்கள் ஊரில் கோழிகள் கூட்டமாகச் செத்தால் வெள்ளைக்கழிச்சல் (ராணிக்கெட் என்னும் கோழிநோய்) என்று சொல்லி, மிஞ்சியதை அன்றே பாதி விலைக்குத் தள்ளிவிடுவது வழக்கம். நானும் ஒருமுறை அவ்வாறு செய்திருக்கிறேன். கழிச்சலா, பறவைக் காய்ச்சலா என்பதைக் கண்ணால் பிரித்தறிய முடியாது, ஆய்வகத்தில்தான் தெரியும் என்று கால்நடை மருந்தகத்தில் பின்னர் விளக்கினார்கள். சென்ற ஆண்டு ஒரே இரவில் ஒன்பது கோழிகள் செத்தபோது எதையும் விற்காமல், செத்தவற்றை வெறுங்கையால் தொடாமல், காலையிலேயே போய்ச் சொன்னேன். மாதிரி எடுத்துப் போனார்கள். கழிச்சல் என்றே முடிவு வந்தது. அந்த முடிவு வரும்வரை கூட்டைத் திறக்கவில்லை.