அமிகா 1200 மாதிரி கணினியை 500 எண்ணிக்கையில் மறுபடி தயாரித்தால் கட்டுபடியாகுமா?

பழையபெட்டி:
அமிகா வீட்டுக் கணினிகளைச் செய்த கொமடோர் 1994 ஏப்ரலில் மூடியபின் எஸ்காம், கேட்வே, அமினோ என்று அமிகா நிறுவனம் விட்டு நிறுவனம் கைமாறிக்கொண்டே போனது. இன்று நிலைமை வேறு அல்லவா? அமிகாவின் பழைய சிப்செட்டை எஃப்பிஜிஏவில் (உள்ளே இருக்கும் சுற்றை நாமே எழுதிக்கொள்ளக்கூடிய சிப்பில்) ஓட்டும் மினிமிக் என்ற வடிவமைப்பு திறமூலமாகவே இருக்கிறது. கீபோர்டோடு சேர்ந்த ஒரே பெட்டியாக 500 மெஷின் செய்து, ஜெர்மனியில் வரியோடு 699 யூரோவுக்கு விற்கலாம் என்று ஒரு யோசனை. பணம் எங்கே மாட்டிக்கொள்ளும்?

கணக்குப்பிள்ளை:
போர்டில் அல்ல, பெட்டியில். பிளாஸ்டிக் வார்க்கும் அச்சுக்கு 10 மெஷினானாலும் 10,000 ஆனாலும் ஒரே செலவுதான். உதாரணத்துக்கு ஒரு தோராயக் கணக்கு: பெட்டிக்கான அச்சுகள் 60,000 யூரோ, கீகேப் (விசை மூடி) அச்சு 30,000, போர்டு வடிவமைப்பும் மூன்று சுற்று மாதிரிகளும் 40,000, மின்காந்த இடையூறு பரிசோதனையும் ஐரோப்பாவில் விற்கத் தேவையான சிஇ ஆவணங்களும் 15,000. மொத்தம் 1,45,000. 500 மெஷினுக்குப் பிரித்தால் தலைக்கு 290. 5,000 மெஷினுக்கு 29தான். பாகங்களும் பொருத்துக்கூலியும் 250 என்றால் அடக்கம் 540. 699இல் 19% வரி போனால் கைக்கு 587. மிஞ்சும் 47 யூரோவில் லைசென்ஸ், பேக்கிங், வாரண்டி எல்லாம் அடங்க வேண்டும். கடைக்காரருக்குக் கமிஷன் கொடுப்பதை மறந்தேவிடுங்கள்.

சால்டர்புகை:
மாதிரி சுற்று மூன்றோடு நிற்கும் என்பது நல்லெண்ணம். எடுத்த சிப்பே நின்றுபோனால் மறுபடி முதலிலிருந்து. அமிகாவின் பிற்கால வாரிசான அமிகாஒன் எக்ஸ்1000 கணினிக்கு எடுத்த பிஏ6டி பிராசஸரைச் செய்த பி.ஏ. செமி நிறுவனத்தை 2008இல் ஆப்பிள் வாங்கிவிட்டது. கிடைத்த இருப்போடு சரி, அடுத்த மாடலுக்கு வேறு பிராசஸர். அதற்கும் முன்னால் வந்த அமிகாஒன் போர்டுகளில் ஆர்ட்டிசியா எஸ் சிப்பின் டிஎம்ஏ (பிராசஸர் உதவியின்றி நினைவகத்தோடு தரவு பரிமாறும் முறை) கோளாறு பெரிய தலைவலி. அடுத்தவர் செய்த சிப்பில் இருக்கும் குறையை நீங்கள் திருத்த முடியாது, சுற்றிப்போகத்தான் முடியும்.

எஃப்பிஜிஏவிலும் இதே கதைதான். ஸ்பார்டன்-6இலிருந்து ஆர்டிக்ஸ்-7க்கு மாறினால் கால் அமைப்பு, மின்னழுத்தத் தடங்கள் எல்லாம் மாறும். போர்டைப் புதிதாகத்தான் வரைய வேண்டும். அதனால் 500 மெஷினுக்கு 530 சிப்பை முதல் நாளே வாங்கி வைக்கச் சொல்வேன். பெரிய தொகை முடங்கும், ஆனாலும் வேறு வழியில்லை.

ரோம்வாசி:
உரிமை விஷயத்தை யாரும் தொடவில்லையே! 1997இல் கொமடோர் என்ற பெயர் டியூலிப் நிறுவனத்துக்குப் போனது, அமிகா கேட்வேக்குப் போனது. 1999 கடைசியில் கேட்வே அமினோவுக்கு விற்றபோது காப்புரிமைகளைத் தன்னிடமே வைத்துக்கொண்டது. அவை காலாவதியாகிவிட்டன, இன்றைய சிக்கல் கிக்ஸ்டார்ட் ரோமும் (அமிகாவைத் துவக்கும் மென்பொருள் பதிந்த சிப்) பெயரும்தான். அமிகா நிறுவனத்தோடு செய்துகொண்ட 2009 சமரசத்தில் அமிகாஓஎஸ் 4 இயங்குதளம் ஹைப்பீரியன் என்ற மென்பொருள் நிறுவனத்தின் பக்கம் வந்தது. பழைய ரோம்களின் உரிமை க்ளோண்டோ நிறுவனத் தரப்பிடம். இரு தரப்பும் நீதிமன்றம் வரை போயின. இதில் ஒருவரிடம் மட்டும் லைசென்ஸ் வாங்கிக்கொண்டு "அமிகா" என்று பெட்டியில் அச்சடிக்கத் துணியாதீர்கள். திறமூல மாற்றான ஏரோஸ் ரோமை வைத்தால் லைசென்ஸ் செலவு இல்லை. ஆனால் பழைய கேம்கள் சில அதில் முரண்டு பிடிக்கும், வாங்குகிறவர் முதலில் ஓட்டிப் பார்ப்பதும் அவற்றைத்தான்.

பழையபெட்டி:
கிக்ஸ்டார்ட்டர் தளத்தில் மக்களிடம் முன்பணம் திரட்டினால்?

கணக்குப்பிள்ளை:
உங்கள் விலைக்கே போட்டுப் பாருங்கள். 500 பெருக்கல் 699 என்றால் 3,49,500. வரி சுமார் 55,800. தளக் கட்டணம் 5%, பணம் செலுத்தும் கட்டணம் 3% என்று வைத்தால் இன்னொரு 28,000. மீதி ஏறத்தாழ 2,65,700. அடக்கமோ 2,70,000. முழுத்தொகை திரண்டாலும் நஷ்டத்தில்தான் ஆரம்பிக்கிறீர்கள், அஞ்சல் செலவு இன்னும் சேரவில்லை.

முன்பணம் வருமானம் அல்ல, கடன். சின்கிளேரின் பழைய ஸ்பெக்ட்ரம் கணினியின் புது வடிவமான ஸ்பெக்ட்ரம் நெக்ஸ்ட் 2017இல் 7 லட்சம் பவுண்டுக்கு மேல் திரட்டியது. மெஷின் கைக்கு வந்தது 2020இல். பெரிய இழுபறி கீபோர்டில். தாமதமானாலும் கொடுத்தார்கள், அது பெரிய விஷயம். அதே ஸ்பெக்ட்ரம் கேம்களை ஓட்டும் கைக்கருவியான வேகா பிளஸ் 2016இல் 5 லட்சம் பவுண்டு திரட்டி, பலருக்குப் பொருளும் தராமல் பணமும் தராமல் 2019இல் நிறுவனத்தையே கலைக்கும் நிலைக்குப் போனது. நடுவில் சின்கிளேர் பெயரை வைத்திருந்த ஸ்கை நிறுவனம், லைசென்ஸையும் பிடுங்கிக்கொண்டது.

சால்டர்புகை:
அச்சே வேண்டாம் என்று முடிவெடுத்தால் கணக்கு மாறும். வெறும் போர்டாக விற்கலாம். ஏ1200 (அமிகா 1200) பெட்டியின் திருகு ஓட்டைகளுக்கும் பின்பக்கப் போர்ட் வெட்டுகளுக்கும் ஒத்துப்போகும்படி வரையுங்கள். புதிதாக வார்த்த ஏ1200 பெட்டிகள் 2015 கிக்ஸ்டார்ட்டருக்குப் பிறகு சந்தைக்கு வந்தன. ஒன்றைக் கவனிக்கணும்: ஏ500 கீபோர்டில் விசை அழுத்தத்தைப் படிக்கும் கன்ட்ரோலர் உள்ளேயே இருக்கும், ஏ1200இல் அது மதர்போர்டில். விசைகளுக்கு அடியில் இருக்கும் மெம்பிரேன் தாளின் நாடா மட்டும் கீபோர்டிலிருந்து வெளியே வரும். அதைப் படிக்கும் சுற்றை உங்கள் எஃப்பிஜிஏவிலேயே எழுதி, நாடாவுக்கான கனெக்டரையும் போர்டில் வைத்தாக வேண்டும். பழைய 5 வோல்ட் சிக்னல் எதையும் 3.3 வோல்ட் எஃப்பிஜிஏவோடு நடுவே லெவல் ஷிஃப்டர் (மின்னழுத்தத்தை மாற்றும் சிப்) போடாமல் நேரடியாக இணைத்தால் எஃப்பிஜிஏ கருகலாம்.

கணக்குப்பிள்ளை:
அப்படிச் செய்தால் 90,000 அப்படியே கழிந்துவிடும். மிச்சம் 55,000, தலைக்கு 110. பெட்டியும் கீபோர்டும் இல்லாத போர்டுக்குப் பாகச் செலவும் குறையும். முதல் 200ஐ இந்த வழியில் விற்றுப் பாருங்கள், மிச்சத்துக்கான சிப்பை மட்டும் அலமாரியில் வைத்துக்கொண்டு.