வில்னவ் மரணம்: பழி ஓரிடம், பாவம் ஓரிடமா?

கறுப்புக்கொடி:
ஃபார்முலா 1 கார் பந்தய ஓட்டுநர் ஜில் வில்னவைப் பற்றி யார் எழுதினாலும் கதை ஒன்றுதான். 1982 ஏப்ரல் 25 அன்று இத்தாலியின் ஈமோலா பந்தயத்தில், சக ஃபெராரி ஓட்டுநர் டிடியே பிரோனி கடைசிச் சுற்றில் முந்திச் சென்று வெற்றியைப் பறித்தார். மனம் கொதித்துப்போன வில்னவ் பதின்மூன்றாம் நாள், மே 8 அன்று, பெல்ஜியத்தின் சோல்டரில் தகுதிச் சுற்றின்போது (பந்தயத்தில் யார் எந்த இடத்திலிருந்து கிளம்புவது என்று முடிவுசெய்யும் ஓட்டம்) மோதி இறந்தார். ஆகவே துரோகம்தான் கொன்றது, முற்றும்.

எனக்கு இதில் துளியும் உடன்பாடில்லை. அவரைக் கொன்றது அவர் கார் ஓட்டிய விதம். 67 பந்தயம், 6 வெற்றி, ஒரு பட்டமும் கிடையாது. ஃபெராரிக்கு வந்த சூட்டோடு 1977இல் ஜப்பானின் ஃபூஜியில் இன்னொரு ஓட்டுநர் பீட்டர்சனின் காரில் இடித்துப் பறந்தார். தடை செய்யப்பட்ட பகுதியில் நின்றிருந்த இருவர் இறந்தார்கள். 1979இல் நெதர்லாந்தின் சாண்ட்ஃபோர்ட்டில் பின் டயர் போனபிறகு மூன்று சக்கரத்தில், நான்காவது தரையில் இழுபட, பிட் (டயர் மாற்றிப் பழுது பார்க்கும் இடம்) வரை வந்து சேர்ந்தார். காரின் பின்பகுதி கந்தலாகியிருந்தது. இதை வீரம் என்று கொண்டாடுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வியப்பாக இருக்கிறது. இறந்தவரைக் குறை சொல்லக் கூடாது என்பது நாகரிகம்தான். அதற்காக முப்பத்திரண்டு வயதில் போனவரின் தவறுகளையெல்லாம் இன்னொருவர் தலையில் கட்டுவது எந்த ஊர் நியாயம்?

இருபத்தேழு:
சாண்ட்ஃபோர்ட் நினைவிருக்கிறது, மான்சா மட்டும் மறந்துவிட்டதா நண்பரே? அதே 1979இல் அங்கே நடந்த இத்தாலியப் பந்தயத்தில் அப்போதைய சக ஃபெராரி ஓட்டுநர் ஜோடி ஷெக்டருக்கு அரை நொடி பின்னால் கோட்டைத் தாண்டினார். முந்த முயன்றிருந்தால் பட்டப் போட்டி உயிரோடு இருந்திருக்கும். அணிக்குக் கொடுத்த வாக்குக்காகப் பின்னாலேயே வந்தார். ஷெக்டர் 51 புள்ளியோடு உலகச் சாம்பியன்; வில்னவுக்கு 47. கட்டுப்பாடு இல்லாதவர் செய்கிற காரியமா அது?

1981இல் ஸ்பெயினின் ஹராமா பந்தயத்தையும் சொல்லிவிடுகிறேன். அந்த டர்போ ஃபெராரிக்கு நேர்ப்பாதையில் அசுர பலம். வளைவில் சொன்ன பேச்சைக் கேட்காது. ஆலன் ஜோன்ஸ் பாதையைவிட்டு விலகியதும் முதலிடம் வில்னவுக்கு வந்தது. அதன்பிறகு அறுபதுக்கும் மேற்பட்ட சுற்றுகள், பின்னால் லஃபித், வாட்சன், ரொய்டமன், டி ஆஞ்செலிஸ் என்று நான்கு பேர் வால் பிடித்தாற்போல் வருகிறார்கள். எல்லோருடைய காரும் வளைவில் இவருடையதைவிட வேகம். ஒவ்வொரு வளைவிலும் உள்பக்கத்தை அடைத்து, வெளியே வரும்போது கால்தடம் பிசகாமல் ஆக்சிலரேட்டரை அழுத்தி, நேர்ப்பாதையில் இடைவெளியை மீட்டுக்கொண்டே இருந்தார். முடிவில் ஐந்து கார்களும் 1.24 நொடிக்குள் கோட்டைக் கடந்தன. ஒரே ஒரு பிசகு போதும், ஐந்தாம் இடத்துக்குப் போயிருப்பார். யாரையும் இடிக்கவில்லை, யாரையும் புல்லில் தள்ளவும் இல்லை. முரடன் என்கிறீர்கள்!

பிட்டோரம்:
இருவருமே மனிதரின் குணத்தை வைத்து வழக்காடுகிறீர்கள். சோல்டரில் நடந்ததைக் கொஞ்சம் பார்க்கலாமா?

தகுதிச் சுற்று முடிய எட்டு நிமிடம் போல இருக்கிறது. அன்றைய விதிப்படி ஓட்டுநருக்கு இரண்டே இரண்டு செட் தகுதி டயர். மெழுகுபோல மென்மையான ரப்பர். ஒரு சுற்று முழு வேகத்தில் போனால் அதன் உயிர் முடிந்தது. முன்னால் மெதுவாக ஒரு கார் போனால், விட்டுவிட்டு அடுத்த சுற்றில் பார்த்துக்கொள்ளலாம் என்ற பேச்சுக்கே இடமில்லை. அடுத்த சுற்றில் அந்த டயரே இருக்காது. அதே பாதையில்தான் ஒருவர் பறந்துகொண்டிருப்பார், இன்னொருவர் பிட்டுக்கு ஆற அமரத் திரும்பிக்கொண்டிருப்பார். இதை விதி என்று எழுதி வைத்தவர்கள் யார்?

யோகன் மாஸ் தன் காரில் (மார்ச் என்ற அணியின் கார்) மெதுவாக முன்னே போய்க்கொண்டிருந்தார். கண்ணாடியில் ஃபெராரியைப் பார்த்ததும் வழிவிட வலப்பக்கம் ஒதுங்கினார். அதே கணத்தில் வில்னவும் வலப்பக்கமாகவே முந்தத் தீர்மானித்தார். ஃபெராரியின் முன் இடச் சக்கரம் மார்ச்சின் பின் வலச் சக்கரத்தில் ஏறியது. சுழலும் சக்கரம்மேல் சுழலும் சக்கரம் ஏறினால் கார் எறியப்படும்; ஓட்டுகிறவர் கோபக்காரரா சாந்தமானவரா என்று அது கேட்காது. விசாரணையில் மாஸ் மீது குற்றம் காணப்படவில்லை.

கறுப்புக்கொடி:
அதே இரண்டு செட் டயர்தானே எல்லோருக்கும்? மற்றவர்கள் அன்று மாலை தங்கள் அறைக்குத் திரும்பினார்களே! பாதை அடைபட்டிருக்கிறது என்று தெரிந்தால் காலைத் தூக்குகிறவர் ஒரு வகை, இடம் பிறக்கும் என்று நம்பி நுழைகிறவர் ஒரு வகை. வில்னவ் எந்த வகை என்று உங்களுக்கும் தெரியும்.

இருபத்தேழு:
அந்த நேரத்தில் ஏன் நுழைந்தார் என்பதில்தான் ஈமோலா வருகிறது. பிட்டோரம் சொன்ன டயர் கணக்கு முழுக்கச் சரி. ஆனால் நேரப் பட்டியலையும் பாருங்கள். பிரோனி அவரைவிடப் பத்தில் ஒரு பங்கு நொடி வேகமாக இருந்தார். இனி பிரோனியோடு பேசவே மாட்டேன் என்று அறிவித்திருந்த மனிதருக்கு அந்தப் பத்தில் ஒரு பங்கு என்ன செய்திருக்கும்? ஈமோலாவில் பிட்டிலிருந்து 'மெதுவாக' என்று பலகை காட்டினார்கள். இருக்கிற வரிசையிலேயே முடியுங்கள் என்றுதான் வில்னவ் அதைப் புரிந்துகொண்டார். மான்சாவில் அவரே அப்படித்தான் நடந்துகொண்டவர். எரிபொருள் தீர்ந்துவிடும் என்று கவலைப்பட்டு வேகத்தைக் குறைத்தார். கடைசிச் சுற்றில், டோசா வளைவுக்கு முன், பிரோனி உள்ளே புகுந்தார். முந்தாதே என்று யாரும் சொல்லவில்லை என்பது பிரோனியின் வாதம். சொல்லாமல் புரியவேண்டியதும் உண்டல்லவா?

மழை டயர்:
பிரோனியையும் சற்று விடுங்கள். சோல்டருக்கு மூன்று மாதம் கழித்து ஜெர்மனியின் ஹாக்கன்ஹைமில் அவருக்கே என்ன நடந்தது? பட்டப் பட்டியலில் முதலிடம், கையில் முந்தைய நாளின் மிகச் சிறந்த நேரம். யார்மேலும் கோபமில்லை, எதையும் நிரூபிக்க வேண்டியதும் இல்லை. மழையில், நீர்த்திரைக்குள், மெதுவாகப் போன ப்ரோஸ்டின் ரெனோ தெரியாமல் அதன் பின்சக்கரத்தில் ஏறிப் பறந்தார். இரண்டு காலும் நொறுங்கின. கடைசி ஐந்து பந்தயங்களில் அவர் இல்லை. ஆனாலும் ரோஸ்பெர்க்கிடம் ஐந்தே புள்ளியில்தான் பட்டத்தை இழந்தார். அதன்பிறகு ஃபார்முலா 1 பந்தயத்துக்கு அவர் திரும்பவேயில்லை. 1987இல் படகுப் பந்தயத்தில் இறந்தார். அவர் மறைந்தபின் பிறந்த இரட்டைக் குழந்தைகளுக்கு டிடியே, ஜில் என்று பெயர் வைத்தார்கள். வில்லனைத் தேடுகிறவர்கள் இதை எந்தக் கணக்கில் எழுதுவீர்கள்?

பிட்டோரம்:
மழை டயர் என் வேலையைப் பாதி முடித்துவிட்டார். ஒரே அணி, ஒரே ஆண்டு, ஒரே மாதிரியான மோதல். ஒருவருக்குக் கோபம் இருந்தது, மற்றவருக்கு இல்லை. பறந்தது இருவரும்தான்.

இன்னொன்றையும் யாரும் தொடவில்லை. சோல்டரில் கார் மூக்கு குத்தி விழுந்து பிளந்தபோது, வில்னவை இருக்கையோடு பிய்த்துத் தூக்கி வீசியது. ஹெல்மெட் கழன்றுபோனது. வளைவோரத் தடுப்பு வலையில் போய் விழுந்தார். கழுத்து முறிந்திருந்தது, இரவு 9.12க்கு லூவன் மருத்துவமனையில் உயிர் பிரிந்தது. அந்த ஃபெராரியின் உடற்கூடு அலுமினியத் தேன்கூட்டுத் தகடு. அதற்கு முந்தைய ஆண்டே ஜான் பார்னார்ட் மெக்லாரனுக்குக் கார்பன் நாரில் கூடு செய்துவிட்டார். 1981 மான்சாவில் வாட்சனின் மெக்லாரன் தடுப்பில் மோதி இரண்டாகப் போனது. வாட்சன் எழுந்து நடந்து வந்தார். கூடு தாங்கியது, மனிதர் அதற்குள்ளேயே இருந்தார். கார்பன் கூட்டில் இருந்திருந்தால் வில்னவ் பிழைத்திருப்பார் என்று நான் சத்தியம் செய்ய முடியாது. ஆனால் துரோகத்தைப் பற்றி இத்தனை பக்கம் எழுதுகிறவர்கள் இருக்கையைப் பற்றி ஒரு வரி எழுதுவதில்லையே, அதுதான் எரிச்சல்.

கறுப்புக்கொடி:
டயரும் கூடும் சரி, ஒப்புக்கொள்ள எனக்குத் தடையில்லை. ஆனால் அந்த ஆபத்தெல்லாம் ஓட்டுநர்களுக்குத் தெரியாததல்ல. ஷெக்டரைப் பாருங்கள். அதே அணி, அதே கார், பட்டம் வென்றார். 1980இல் கார் உருப்படாது என்று கண்டதும் அந்த ஆண்டோடு ஒதுங்கிக்கொண்டார், உயிரோடு. எப்போது நிறுத்துவது என்று தெரிவதும் திறமையில் சேர்த்திதான்.

இருபத்தேழு:
அந்த 1980 கணக்கையும் முழுதாகச் சொல்லிவிடுங்கள். அந்த உருப்படாத காரில் நடப்புச் சாம்பியன் ஷெக்டர் ஆண்டு முழுவதும் எடுத்தது 2 புள்ளி. மான்ட்ரியலில் பந்தயத்துக்கே தகுதி பெறவில்லை. வில்னவ் 6 புள்ளி எடுத்தார், அதே மான்ட்ரியலில் ஐந்தாவதாக வந்தார். ஷெக்டர் காரைப் பார்த்து விலகினார், தப்பில்லை. இவர் அதைப் பார்த்தும் ஏறி உட்கார்ந்து ஓட்டினார். எனக்கு அவரைப் பிடித்ததே அதனால்தான். நீங்கள் அதையே குற்றப்பத்திரிகையில் எழுதுகிறீர்கள்.